போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்னால்



ஒரு லேப்டாப் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது என்பது என் கட்சி. அதிலும் கேமிங் லேப்டாப் என்கிறார்களே, பிள்ளைகள் விளையாடுவதற்கும் வீடியோ எடிட் பண்ணுவதற்கும் வாங்குகிற அந்தக் கனமான பெட்டி, அதற்கு வருகிற தொல்லைகளில் பல அதன் வயிற்றுக்குள் இல்லை. அதற்குச் சோறு போகிற வழியில் இருக்கின்றன. இதைப் பார்க்காமல் 'போர்டு போச்சு' என்று எழுதிக் கொடுக்கிற பழக்கமும், அதைக் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணி வைக்கிற நம் பழக்கமும் இரண்டுமே மாற வேண்டும்.

'எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது எதற்கு?' என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுத்தது பல வீடுகளில் யார் என்று யோசித்துப் பாருங்கள். எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று விலை. பேரன் இன்ஜினியரிங் சேர்ந்தான், அனிமேஷன் படிக்கிறான் என்று ஓய்வூதிய அரியர்ஸ் பணத்தில் தாத்தா வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். இரண்டு வருஷத்தில் அதற்கு நாற்பதாயிரம் செலவு என்று ஒரு சீட்டு வந்தால், அதுவும் கடைசியில் நம்மிடம்தான் வரும். ஆகவே இது நம் விஷயம்தான்.

நான் படித்தது பிரெஞ்சில். மின்சாரம் பற்றி அந்த மொழியில் உள்ள சில சொற்கள் இன்றைக்கும் எனக்கு உபயோகமாக இருக்கின்றன. ஒரு இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கிற பாகத்தை பிரெஞ்சுக்காரர்கள் 'அலிமாந்தசியோன்' என்பார்கள். சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். அங்கே மளிகைக் கடைப் பலகையிலும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். பிளக்குக்கு 'ஃபீஷ்' என்று பெயர். அலுவலகத்தில் எழுதி அடுக்கி வைக்கிற அட்டைக்கும் ஃபீஷ் என்றுதான் பெயர். வண்டியோ விளக்கோ நின்றுபோனால் 'பான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சாப்பாடு சரியாகப் போகாத பிள்ளை சோர்ந்து படுத்தால் பிள்ளைக்கு இதயக் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. முதலில் 'என்ன சாப்பிட்டான்?' என்றுதான் கேட்போம். லேப்டாப்புக்கும் அந்தக் கேள்வியே முதல் கேள்வி.

இந்தப் பெட்டி எவ்வளவு சாப்பிடும் என்று தெரிந்துகொள்வது கடினம் இல்லை. அடாப்டரைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட் என்று ஒரு வரி இருக்கும். வெளியே போவது இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று இன்னொரு வரி. அந்த இரண்டையும் பெருக்கினால் வாட் கணக்கு வந்துவிடும். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். நாம் மின்னஞ்சல் பார்க்கிற சாதாரண லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் போதும். கேமிங் லேப்டாப்புக்கு 180, 230, 280, 330 வாட் என்று அடாப்டர்கள் வருகின்றன. பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். அப்படியானால் பேரன் மும்முரமாக விளையாடுகிறபோது மூன்று ஃபேன் ஓடுகிற மின்சாரம் அந்த மெல்லிய வயர் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

இவ்வளவு ஏன் வேண்டும்? அதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் பிராசஸர், இன்னொருவர் படம் வரைகிற கிராபிக்ஸ் சிப். கிராபிக்ஸ் சிப் மட்டுமே 100 வாட்டுக்கு மேல் இழுக்கிற வகைகள் உண்டு. பேட்டரியை நம்பி இவர்களுக்குப் பந்தி போட முடியாது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகிற பேட்டரிக்கு 100 வாட்-மணி என்று ஒரு வரம்பு இருப்பதால் பெரிய லேப்டாப்புகளிலும் பேட்டரியை அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 90 வாட்-மணி பேட்டரியில் 200 வாட் இழுத்தால் அரைமணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் சார்ஜரைப் பிடுங்கியதும் பெட்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 'சார்ஜர் இல்லாமல் கேம் திக்குகிறது' என்று பிள்ளை சொன்னால் அது நோய் இல்லை, சுபாவம்.

இனி எங்கே தேடுவது என்று பார்ப்போம். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால் என்ன செய்வோம்? நேராகச் செயலாளர் அறைக்குப் போய் அவர் மேசையைக் கிளற மாட்டோம். தபால் பிரிவில் ஆரம்பித்து, எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவோம். மின்சாரமும் அப்படி மேசை மேசையாகத்தான் போகிறது. சுவர், வயர், அடாப்டர், லேப்டாப்பின் துளை, பேட்டரி, கடைசியில் போர்டு. நம் ஊரில் பலர் கடைசி மேசையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

முதல் மேசை சுவர். புதுச்சேரி வீடுகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டில்கூட உப்புக்காற்று பித்தளையை விட்டுவைக்காது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. சாக்கெட்டின் உள்ளே பிடி தளர்ந்து, பச்சை பூத்து, பிளக்கைச் சொருகினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பார்த்தால் சுடும். சுடுகிற பிளக் என்றால் அங்கே பிடிப்பு இல்லை என்று பொருள். சாக்கெட்டை மாற்றுவது வயர்மேனுக்குப் பத்து நிமிஷ வேலை.

இதோடு நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. இங்கே பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் இருக்கிறார்கள். அவர்கள் லீவுக்கு வரும்போது லேப்டாப் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன் பிளக்கில் இரண்டு உருண்டைக் கால்கள்தான் இருக்கும். எர்த் எங்கே? பிரான்சில் எர்த் கம்பி சுவர் சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். பிளக்கில் அதற்கு ஒரு துளைதான். நம் சாக்கெட்டில் அந்தக் கம்பி கிடையாது. அந்தப் பிளக்கை நம் மூன்று துளை சாக்கெட்டின் கீழ்த்துளைகளில் அழுத்தினால் போய்விடும். ஆனால் கால்கள் கொஞ்சம் மெலிந்தவை என்பதால் ஆடும். எர்த் தொடர்பும் இருக்காது. அல்லது கடையில் ஒரு மலிவான கன்வெர்ட்டர் பிளக் வாங்கி மாட்டுவார்கள். அதிலும் பெரும்பாலும் எர்த் வெறும் பெயருக்குத்தான்.

என் தங்கையின் பேரனுக்கு நடந்தது இதுதான். பாரிஸ் பக்கத்திலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த கேமிங் லேப்டாப். பாடம் படிக்கிறபோது ஒன்றும் இல்லை. கேம் ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் திரை மங்கும், சார்ஜ் ஏறுகிற அடையாளம் அணைந்து அணைந்து எரியும், படம் திக்கும். ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். அவர்கள் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடாப்டரைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் 'மதர்போர்டு மாற்ற வேண்டும், 38,000 ரூபாய்' என்று தகவல். "போர்டு போயிடுச்சாம் தாத்தா, அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று என்னிடம் வந்து நின்றான்.

"எங்க சொருகியிருந்தே, அதக் காட்டு" என்றேன். கன்வெர்ட்டர் பிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பழுப்பேறி இருந்தது. அடாப்டரின் இந்தப் பக்கம் வயர் கழற்றி மாட்டுகிற வகை. வீட்டில் பரணில் போட்டிருந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் வயர் அதில் அப்படியே பொருந்தியது. மூன்று கால் உள்ள நம் ஊர்ப் பிளக். வேறு சாக்கெட்டில் சொருகி, "இப்ப விளையாடு" என்றேன். இரண்டு மணி நேரம் விளையாடினான். அடையாளம் ஒரு தடவைகூட அணையவில்லை. அன்றிலிருந்து அந்த வயர்தான். செலவு பூஜ்யம்.

பாடம் படிக்கிறபோது வராத தொல்லை கேமில் ஏன் வந்தது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அடாப்டருக்குள் ஒரு கண்டென்சர் இருக்கிறது. அது ஒரு சிறிய தண்ணீர்த்தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் ஒரு நொடியின் சிறு பங்கு நின்றாலும் தொட்டியில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கும். குறைவாகக் குடிக்கிறவர் இருந்தால் தொட்டி சற்றுத் தாங்கும். மூன்று ஃபேன் அளவுக்குக் குடிக்கிறவர் இருந்தால் உடனே வற்றிவிடும். ஆடுகிற பிளக் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிறு இடைவெளியை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. 'வேலை அதிகமானால்தான் கோளாறு தெரியும்' என்பது மனிதர்களுக்கும் பொருந்துகிற விதிதானே.

எர்த் இல்லாததற்கு இன்னொரு அடையாளம் உண்டு. லேப்டாப்பின் உலோக மூடியில் கை வைத்தால் 'சுருசுரு' என்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியவும் செய்யும். வெளியே போகும் மின் இரைச்சலை அடக்குவதற்காக அடாப்டருக்குள் வைத்திருக்கிற சிறு கண்டென்சர்கள் வழியாகக் கசிகிற மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் நம் விரலைத் தேடும். நல்ல அடாப்டரில் அந்த அளவு ஆளைக் கொல்லாது. ஆனால் வீட்டில் எர்த் இல்லை என்று அது நமக்குச் சொல்கிறது. அதே வீட்டில் வாட்டர் ஹீட்டரும் கிரைண்டரும் ஓடுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். லேப்டாப்புக்காக இல்லாவிட்டாலும் உங்கள் உயிருக்காக ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சுவரைப் பற்றி இன்னும் ஒன்று. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும், பக்கத்து வீட்டில் விளக்கு கண்ணைக் கூசும். மூன்று ஃபேஸ் லைனில் இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. நியூட்ரல் போனால் அதில் ஒரு பெரிய பங்கு யார் வீட்டிலாவது இறங்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. புயல் மழைக்குப் பிறகு கரண்ட் வருகிற அந்த முதல் சில நிமிஷங்களில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். ஒரு குண்டு பல்போ டியூப் லைட்டோ நிதானமாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் சொருகலாம். அப்படி அதிக வோல்ட் வந்தாலும் பெரும்பாலும் அடாப்டர்தான் தன்னைப் பலிகொடுத்து லேப்டாப்பைக் காப்பாற்றும். அடாப்டர் விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பெட்டிக்குக் கருமாதி செய்ய வேண்டாம்.

அடுத்த மேசை அடாப்டர். கேமிங் லேப்டாப் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது: ஒரிஜினல் அடாப்டர் செங்கல் மாதிரி கனமாக இருக்கிறது என்று அதைக் கல்லூரி விடுதியிலேயே விட்டுவிட்டு, அண்ணனின் 65 வாட் சார்ஜரை வீட்டில் மாட்டுவார்கள். சொருகினால் விளக்கு எரியும். ஆனால் விளையாட ஆரம்பித்தால் சார்ஜ் ஏறாது, இறங்கும். வரவு 65, செலவு 200 என்றால் மீதியைப் பேட்டரி என்ற சேமிப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். டைப்-சி சார்ஜர்களிலும் இதே கதை. பல கேமிங் லேப்டாப்புகள் டைப்-சி வழியாக 100 வாட் வரைதான் ஏற்கின்றன. எழுதப் படிக்கப் போதும், விளையாடப் போதாது. 2021-இல் வந்த புதிய விதி டைப்-சியில் 240 வாட் வரை அனுமதிக்கிறது என்றாலும், சார்ஜர், வயர், லேப்டாப் மூன்றும் அதற்கு ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

சில கம்பெனிகளின் அடாப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட்' என்று அடாப்டர் லேப்டாப்பிடம் சொல்வது அதன் வழியாகத்தான். அந்த ஊசி வளைந்தாலோ ஒடிந்தாலோ, அல்லது டூப்ளிகேட் அடாப்டரில் அது வேலை செய்யாவிட்டாலோ, லேப்டாப் சந்தேகப்பட்டு பேட்டரியை ஏற்ற மறுக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் வருகிறது, ஆனால் அடையாள அட்டை இல்லை. இதையும் போர்டு கோளாறு என்று எழுதிவிட முடியும்.

டூப்ளிகேட் அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்கிற அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு வேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் எட்டு இலக்கமும் அச்சிட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். எடையில் லேசாக, விலையில் பாதியாக, எண் இல்லாமல் இருக்கிற அடாப்டரை 200 வாட் இழுக்கிற பெட்டிக்கு மாட்டுவது, விருந்துக்குச் சமைக்க ஸ்டவ்வில் காகிதம் சொருகுவதற்குச் சமம். நல்ல அடாப்டரையும் மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைக்கக் கூடாது. அது மூச்சுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது, லேப்டாப்பின் துளை. முனையை லேசாக அசைத்தால் விளக்கு அணைந்து எரிகிறதா? அப்படியானால் துளை தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் அது போர்டோடு ஒட்டாமல் ஒரு சிறு வயரில் தனியாக வருகிறது. அதை மட்டும் மாற்றலாம். சில மாடல்களில் போர்டில் சால்டர் செய்திருக்கும். அதையும் கை தேர்ந்தவர்கள் எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள்.

நான்காவது பேட்டரி. '80 சதவீதத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது' என்று ஒரு புகார் அடிக்கடி காதில் விழுகிறது. எப்போதும் சொருகியே வைத்திருக்கிறவர்களின் பேட்டரி நீடித்து உழைக்க வேண்டும் என்று கம்பெனியே 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதியை வைத்திருக்கிறது. அது அமைப்புகளில் இருக்கிற ஒரு தாழ்ப்பாள், திறந்தால் ஏறும். உண்மையிலேயே பேட்டரி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க விண்டோஸிலேயே 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கலாம். பிறக்கும்போது இருந்த கொள்ளளவு, இப்போதுள்ள கொள்ளளவு என்று இரண்டு எண்கள் தரும். 90 என்று பிறந்தது 40-க்கு வந்திருந்தால் பேட்டரி மாற்றும் வயது. ஆனால் ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பின் அடிப்பக்கமோ டச்பேடோ உப்பியிருந்தால் ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பெட்டி எழுந்திருக்கவில்லை என்றால் கடைசியாக வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருங்கள். உள்ளே தங்கியிருக்கிற மிச்ச மின்சாரம் வடிந்து, குழம்பிப்போன கட்டுப்பாட்டுச் சிப் புத்தி தெளியும். பிறகு அடாப்டரை மட்டும் மாட்டி எழுப்புங்கள். இதற்கும் அசையவில்லையா? அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். அப்போதுதான்.

அந்தக் கடைசி மேசையைப் பற்றியும் சொல்கிறேன். கேமிங் லேப்டாப்பில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் மதர்போர்டிலேயே நிரந்தரமாக ஒட்டப்பட்டவை. ஆகவே மதர்போர்டு என்றால் பெட்டியின் விலையில் பெரும் பங்கு. அதில் மின்சாரம் நுழைகிற இடத்தில் இருக்கிற ஒரு சின்ன ஃபியூஸோ, கடுகு அளவு டிரான்சிஸ்டரோ எரிந்தாலும் முழுப் போர்டையும் மாற்று என்பதுதான் கம்பெனி சர்வீஸ்காரர்களின் வழக்கம். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கொடுத்திருக்கிற விதி அப்படி. சிறு பாகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் இல்லை, உதிரிபாகம் இல்லை, வரைபடம் இல்லை. ஆனால் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை போட்டுக்கொண்டு, ஒரு மல்டிமீட்டரும் ஹாட் ஏர் கன்னும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே நம் ஊர்ப் பையன்கள், அவர்களில் நல்லவர்கள் அந்தக் கடுகைத் தேடி எடுத்து மாற்றிவிடுகிறார்கள். அந்தத் தொழிலுக்கு நாம் கொடுக்கிற மரியாதை போதாது.

'அப்படியானால் கம்பெனிக்குப் போகவே வேண்டாமா?' என்று கேட்கலாம். வாரண்ட்டி இருக்கும்வரை கம்பெனிக்குத்தான் போக வேண்டும்; வெளியே பிரித்தால் பிறகு அவர்கள் கையை விரிக்க இடம் கொடுத்ததாகும். தரமில்லாத உதிரிபாகத்தால் தீப்பிடிக்கும் என்று கம்பெனிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என் வாதம் அதற்கு எதிரானது இல்லை. நல்ல உதிரிபாகத்தையும் தகவலையும் வெளியே கொடுக்காமல் வைத்துக்கொண்டு, 'வெளியே போனால் ஆபத்து' என்று பயமுறுத்துவது நியாயமா என்பதே கேள்வி.

இதில் பிரான்ஸ் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2020 பிப்ரவரி 10 தேதியிட்ட சட்டத்தின் தொடர்ச்சியாக, 2021 ஜனவரி 1 முதல் அங்கே கடையில் விற்கிற ஐந்து வகைப் பொருட்களில் 'பழுதுபார்க்கும் தகுதி' எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. செல்பேசி, லேப்டாப், டெலிவிஷன், வாஷிங் மெஷின், புல் வெட்டும் இயந்திரம் ஆகியவை அந்த ஐந்து. கையேடும் விளக்கமும் கிடைக்கிறதா, எளிதாகப் பிரிக்க முடிகிறதா, உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், அதன் விலை பொருளின் விலையில் என்ன பங்கு என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் வருகிறது. சிவப்பில் ஆரம்பித்துப் பச்சை வரை நிறம் இருக்கும். மதிப்பெண்ணைக் கம்பெனியே கணக்கிட்டுப் போட்டுக்கொள்கிறது என்பது ஒரு குறைதான். ஆனாலும் கடையில் நிற்கிற சாதாரண மனிதன் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு எண்ணைப் பார்க்கிறான். இதற்கு முன்பே, 2015-இல், பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்வதை அங்கே குற்றமாக்கினார்கள். இரண்டு வருஷம் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2020-இல் ஆப்பிள் கம்பெனி 2.5 கோடி யூரோ கட்டியதும் பேட்டரி விஷயத்தில்தான். பேட்டரி தேய்ந்த பழைய போன்கள் புது மென்பொருளால் வேகம் குறையக்கூடும் என்பதை வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு.

நம் நாடும் சும்மா இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஒரு இணையதளம் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம், பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. முதலில் செல்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் என்கிறார்கள். என் கோரிக்கை, லேப்டாப்பையும் தாமதிக்காமல் அதில் சேர்க்க வேண்டும் என்பது. செல்பேசியைவிட விலை அதிகம், வாங்குவது மாணவர்கள், கெட்டால் ஒரு பருவத் தேர்வே போய்விடும்.

இன்னொன்றும் வேண்டும். இது சட்டம் போடாமலே செய்யக்கூடியது. போர்டு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற எஸ்டிமேட்டில் மூன்று எண்கள் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடாப்டர் எத்தனை வோல்ட் கொடுக்கிறது, பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எவ்வளவு, நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிச் சோதித்தபோது போர்டு எவ்வளவு மின்சாரம் இழுத்தது. மல்டிமீட்டர் இருக்கிற இடத்தில் இதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். டாக்டர்கூட ஆபரேஷன் என்று சொல்வதற்கு முன்னால் ரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கிறார். 38,000 ரூபாய் கேட்கிறவர் மூன்று எண்களை எழுதுவதில் என்ன கஷ்டம்? அலுவலகத்தில் காரணம் எழுதாத குறிப்பு ஒன்று மேலே போனால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கேள்விக்குறியை நாமும் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கேமிங் லேப்டாப் இருந்தால், இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் உங்கள் கேஸ் புத்தகம், வரி ரசீது வைக்கிற டைரியில் எழுதி வையுங்கள். வாங்கிய தேதியையும் வாரண்ட்டி முடியும் தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் வயர் பரணில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குப் புரியாமல் இருக்கலாம். அதற்குள் என்ன போகிறது என்று பார்ப்பதற்கு நம் வயதும் பொறுமையும் போதும்.